கனடாக் கோழிக்கூண்டில் நான் போட்ட ஓட்டை

அக்காவின் சிவப்புக் கோழிக்குக் கொண்டையின் நுனி கறுத்துப் போயிருந்தது. காலை ஏழரை மணி இருக்கும். உச்சிப்புளியில் வீட்டு முன்னறையில்தான் என் தையல் கடை. ஷட்டரைத் தூக்கிவிட்டு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் அக்கா வந்தாள். அவள் முகத்துக்குப் பக்கத்தில் கோழியின் முகமும் வந்தது. கனடாவில் அப்போது முந்தைய நாள் இரவுச் சாப்பாட்டு நேரம்.

"என்னக்கா, கோழிக்கு மை தடவி விட்டிருக்க?" என்றேன்.

"கேலி பண்ணாதடி. குளுருல கொண்டை செத்துக்கிட்டே வருது. நாலு கோழியில ரெண்டுக்கு இப்படி ஆயிருச்சு."

நானும் அக்காவும் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர்கள். மிளகாய்க் காடும் ஆடும்தான் குடும்பம். எங்கள் வீட்டுக் கோழிகள் வேப்பமரத்தில் ஏறித் தூங்கின. அவற்றுக்கு வீடு கட்ட வேண்டும் என்று யாரும் யோசித்ததில்லை. அக்கா கல்யாணமாகிக் கனடா போனாள். எனக்கு உச்சிப்புளி வாய்த்தது. வீட்டுக்காரர் புதுமடம் போகிற ரோட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். கொல்லைப்புறத்தில் பதினொரு நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். கோழி விஷயத்தில் அக்காவைவிட நான் சீனியர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு தகுதி போதும்.

அக்காவின் கோழிக்கூண்டைக் கட்டியது மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர். கம்ப்யூட்டர் வேலை. நல்ல மனிதர். ஆனால் எதைத் தொடங்கினாலும் முதலில் இருபது வீடியோ பார்ப்பார். இருபதிலும் தான் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருப்பதைச் சொல்கிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார். இரண்டு பலகைக்கு நடுவே தெர்மோகோல் வைத்துச் சுவர், இடுக்கு இடுக்காகத் தேடி ஒட்டிய டேப், இரட்டை பிளாஸ்டிக் போட்ட ஜன்னல். கட்டி முடித்த அன்று எனக்குச் சுற்றிக் காட்டினார்.

"எறும்பு உள்ள போகணும்னாலும் என்கிட்ட சாவி வாங்கணும்" என்றார்.

அன்று நானும் கை தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது அக்காவிடம், "போனைக் கொண்டுபோய்க் கூண்டுக்குள்ள காட்டு" என்றேன். அவள் பெரிய கோட்டை மாட்டிக்கொண்டு, கோழியையும் தூக்கிக்கொண்டு, பனியில் சரக் சரக்கென்று நடந்துபோய்க் கதவைத் திறந்து, அதை உள்ளே விட்டுவிட்டுக் காட்டினாள். ஜன்னலில் உள்பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கூரையில் வரிசையாகத் துளிகள். ஒரு துளி நேராகச் சிவப்புக் கோழியின் தலையில் விழுந்தது. அது தலையை உதறிவிட்டு எங்களைப் பார்த்தது. கீழே பரப்பிய வைக்கோல் நசநசவென்று கிடந்தது. அக்கா இரண்டு தடவை இருமினாள்.

எனக்கு உடனே போன ஐப்பசி ஞாபகம் வந்தது. அடைமழை. கோழிகள் நனைகின்றனவே என்று பரிதாபப்பட்டு நீலத் தார்ப்பாயால் கூண்டை மேலும் கீழும் நாலு பக்கமும் சுற்றிக் கட்டினேன். நாலாம் நாள் அவிழ்த்தபோது கண் எரிகிற மாதிரி ஒரு வாடை அடித்தது. கோழிகள் மூக்கில் சளியோடு கர்கர் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஒன்று செத்தே போயிற்று. அதை மழை கொல்லவில்லை, நான்தான் கொன்றேன். பிறகு, பக்கவாட்டில் மறைப்பு இருக்க, கூரைக்குக் கீழே மட்டும் ஒரு முழம் திறந்துவிட்டேன். இரண்டு நாளில் உள்ளே இருந்த உமி பொரிந்த மாதிரி காய்ந்துவிட்டது.

"அக்கா, அதுகளுக்குக் குளுரு இல்ல பிரச்சினை. அதுக விடுற மூச்சும் எச்சத்து ஈரமும் வெளிய போக வழியில்ல. அந்த ஈரந்தான் கொண்டையில போயி உறையுது. மேல ஓட்டை போடு."

அக்கா பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மச்சான் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவரும் வந்து நின்றிருந்தார் போல.

"கொழுந்தியா, இங்க மைனஸ் இருபத்தஞ்சு. ஓட்டை போட்டா கோழி கல்லாயிரும். ஒங்க ஊர்ல குளுருன்னா ஃபேனை ரெண்டுல வைப்பீக. அவ்வளவுதான?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தேன். அன்று தைத்த ஜாக்கெட்டில் கை இரண்டையும் இடம் மாற்றி வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன். ராமநாதபுரத்துக்காரிக்குக் குளிர் தெரியாதாம். என் வீட்டுக்காரர் தினமும் வேலை பார்க்கிற இடமே ஐஸ் கம்பெனி என்பதை அந்த மனிதர் மறந்துவிட்டார்.

மதியம் சோறு போடும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"ஐஸ் ரூமுக்குள்ள கோழியா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"ரெண்டே ரெண்டு. அரை மணி நேரம்."

"மொதலாளி பாத்தா அன்னைக்கே என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு."

"அவரு இல்லாத நாளாப் பாத்துச் சொல்லுங்க."

அவர் குழம்பில் கிடந்த முட்டையை மட்டும் எடுத்துத் தின்றார். அந்த முட்டை போட்ட கோழியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவராக யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாலு நாள் கழித்து வங்கக் கடலில் காற்றழுத்தம் என்றார்கள். பாம்பனில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். படகுகள் கடலுக்குப் போகவில்லை, ஐஸ் வாங்க ஆளில்லை. முதலாளி மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பதாகவும், பொழுது சாயத்தான் வருவார் என்றும் வீட்டுக்காரர் காலையில் சொன்னார். சொன்ன தோரணையிலேயே அவரும் மனசு மாறியிருந்தது தெரிந்தது. துறைமுகத்தில் அவர்கள் கூண்டு ஏற்றிய அதே நாளில் ஐஸ் கம்பெனியில் நானும் இரண்டு கூண்டு ஏற்றினேன்.

கூண்டு என்றால் மீன் ஏற்றுகிற பெரிய தெர்மோகோல் பெட்டிகள்தான். மச்சான் சுவரில் வைத்ததும் அதே சரக்கு. ஒன்றை அவர் பாணியில் மூடிச் சுற்றிலும் டேப் ஒட்டினேன். கோழிக்கு மூச்சு முட்டக் கூடாதே என்று வீட்டுக்காரர் பென்சிலால் அடியில் மூன்று ஓட்டை குத்தினார். இன்னொரு பெட்டியில் மூடிக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ப் பக்கங்களில், இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டிக் கொசுவலைத் துணியை ஒட்டினேன். கோழி உட்கார்ந்தால் வெட்டு அதன் தலைக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். காற்று அதன் உடம்பில் படாமல் உச்சியில் மட்டும் போய்வர வேண்டும். பின்கழுத்தில் ஜன்னல் வைத்து ஜாக்கெட் தைப்பவளுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பெரிதில்லை. இரண்டு பெட்டிக்குள்ளும் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி வைத்தேன். சாந்தமான கோழிகளாக இரண்டைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அப்படித்தான் அன்று காலை வரை நினைத்திருந்தேன்.

ஐஸ் ரூம் கதவு ஒரு சாண் கனம். உள்ளே பனிக்கட்டிப் பாளங்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. வீட்டுக்காரர் வெளியே காவல். கோழிகளைத் தனியாக விட எனக்கு மனசு வராததால் அவருடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் காது இரண்டும் யாருடையவோ போல ஆகிவிட்டன. பல் தானாக ஆடியது. மைனஸ் இரண்டு, மூன்றுதான் இருக்கும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு இதைவிட எத்தனையோ மடங்கு, அதுவும் மாதக்கணக்கில். அங்கே போன முதல் வருஷம் ஒரு நாள்கூட அவள் குளிரைப் பற்றிப் பேசவில்லை. என்ன குழம்பு வைத்தாய் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் குழம்பைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரை மணி ஆனதும் கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு, ஓட்டை வைத்த பெட்டியை முதலில் திறந்தேன். கோழி உடம்பை உப்பிப் பந்தாக்கிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தது. கண்ணாடியில் என் முகம் தெளிவாகத் தெரிந்தது, மூக்கு சிவந்திருந்தது. அடுத்து டேப் ஒட்டிய பெட்டி. கண்ணாடி முழுக்க வேர்த்து ஒழுகியது. மூடியின் உள்பக்கம் துளித் துளியாக நின்றது. கண்ணாடியைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்த கோழி ஒரே எம்பாக எம்பி என் தோளில் ஏறி, அங்கிருந்து பனிக்கட்டி மேல் குதித்தது. குதித்த வேகத்தில் வழுக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போயிற்று.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை. கல்யாணத்திலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்ட முதலாளிதான் திறந்தார். பக்கத்தில் ஒரு மீன் வியாபாரி, வயதானவர், தலையில் தொப்பி. ஐஸ் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று காட்டக் கூட்டி வந்திருக்கிறார். இருவருக்கும் பின்னால் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் எனக்கு என்னவோ சைகை காட்டிக்கொண்டிருந்தார். கோழி எழுந்து இறக்கையை உதறியது. அவசரமே இல்லாமல் முதலாளியின் காலுக்கு நடுவே நடந்து வெளியே போனது.

வியாபாரி அது போவதைத் திரும்பிப் பார்த்தார்.

"முப்பது வருசமா நானும் ஐஸுல மீன் வைக்கிறேன். ஒண்ணுகூட இப்புடி எந்திரிச்சு நடந்ததில்ல" என்றார்.

முதலாளி என் மழைக்கோட்டையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரரிடம், "என்னய்யா இது?" என்று கேட்டார்.

"கோழிண்ணே."

"கோழின்னு எனக்குத் தெரியுது."

நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கனடா, அக்கா, மச்சான், கறுத்த கொண்டை, எல்லாவற்றையும். பல் ஆடியதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. அவர் இரண்டு கண்ணாடியையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பொட்டிய இறுக்கி மூடுனா வேர்க்கத்தான் செய்யும். என்கிட்ட கேட்டிருந்தா வெளிய நின்னே சொல்லியிருப்பேன். இதுக்கு எதுக்கு என் ஐஸு மேல கோழிய விட்ட?"

வீட்டுக்காரரை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ஐஸ் ரூம் தரையை பிளீச்சிங் பவுடர் போட்டு இரண்டு தடவை என்னைக் கழுவ வைத்தார். கோழி ஓடிய பாளங்களை ஓரமாகத் தள்ளிக் கரையவிட்டார். வியாபாரி போகும்போது, ஓட்டை வைத்த பெட்டியை மட்டும் தனக்குத் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். அவர் மகள் வீட்டில் குஞ்சு பொரித்திருக்கிறதாம். கொடுத்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வீட்டுக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டே திட்டினார். பின்னால் மடியில் இரண்டு கோழியோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன்.

வீடியோவை மச்சானுக்கு அனுப்பினேன். மறுநாள் குரல் பதிவு வந்தது. "கொழுந்தியா, முயற்சி நல்லா இருக்கு. ஆனா அது மைனஸ் ரெண்டு. இங்க சயின்ஸே வேற." கடைசியில் ஒரு சிரிப்பு. தரையை இரண்டு தடவை கழுவியவளுக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அன்று இரவு எட்டு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். அங்கே காலை.

"அவரு ஆபீஸ் போயிட்டாரு. அவரோட துளை போடுற மெஷின எடுத்துட்டேன். எங்கன போடணும், சொல்லு."

அக்காவுக்கு அப்படி ஒரு தைரியம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. "நெசமாவா?" என்று கேட்டேன்.

"தண்ணி சொட்டுற வீட்டுல அதுக இருக்குதுக. நான் மட்டும் வீட்டுக்குள்ள வெதுவெதுன்னு ஒக்காந்திருக்கணுமா? நீ சொல்லுடி."

அளக்க டேப் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. சிவப்புக் கோழியையே கட்டையில் உட்கார வைத்து, அதன் தலைக்கு மேல் ஒரு சாண் அளக்கச் சொன்னேன். அது கூரைச் சரிவுக்கு நேர் கீழே வந்தது. வசதியாகப் போயிற்று, சரிவு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பனி உள்ளே விழாது. எதிரெதிர் இரண்டு சுவரிலும் வரிசையாகத் துளை போட்டு, அவற்றை ஒன்றாகச் சேர்த்து அறுத்து நீள வெட்டாக்கினாள். மரநாய் மாதிரி ஏதோ பிராணி வரும் என்றாள், கம்பி வலை அடிக்கச் சொன்னேன். உட்காரும் கட்டை உருண்டையாக இருந்தது. கோழி விரலை மடக்கிப் பிடித்தால் விரல் வெளியே நீட்டிக்கொண்டு குளிரும். அதை எடுத்துவிட்டுத் தட்டையான பலகை வைக்கச் சொன்னேன். அதில் உட்கார்ந்தால் கால் முழுக்க வயிற்று இறகுக்குள் அடங்கிவிடும். நனைந்த வைக்கோலை அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்த மரச்சீவலைக் கணுக்கால் ஆழத்துக்குப் போட்டாள். கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டியதில் அவள் விரல்கள் சிவந்துவிட்டன. நடுவில் ஒரு தடவை மெஷினை நிறுத்திவிட்டு, "ரொம்ப நாளாச்சுடி நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு களவாணித்தனம் பண்ணி" என்றாள்.

"மச்சான் பாத்துட்டா?"

"அவரு ஆறடி ஆளு. கூரைக்குக் கீழ என்ன இருக்குன்னு குனிஞ்சு பாக்கவே மாட்டாரு. சுத்தம் பண்றது நாந்தான்."

அவள் சொன்னதுதான் நடந்தது. முதல் இரண்டு நாள் எனக்குத்தான் தூக்கம் கெட்டது. அங்கே பனிப்புயல் என்று செய்தி பார்த்தால் நாலு கல்லுக் கோழிகள் கண்முன்னால் வந்தன. மூன்றாம் நாள் அக்கா ஜன்னலைக் காட்டினாள். காய்ந்து பளிச்சென்று இருந்தது. ஒரு வாரத்தில் கொண்டை கறுப்பது நின்றுவிட்டது. அதற்கடுத்த வாரம் மச்சானே என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தியா கொழுந்தியா, இன்சுலேஷன் இப்பத்தான் செட் ஆகியிருக்கு. தெர்மோகோல் செட் ஆக மூணு வாரம் எடுக்கும். அவசரப்பட்டு ஓட்டை போட்டிருந்தா எல்லாம் போயிருக்கும்."

அவருக்குப் பின்னால் அக்கா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் வாயில் ஊசி வைத்திருப்பதாகச் சொல்லிப் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதோடு விட்டிருந்தால் இன்றைக்கும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவர் தன் கூண்டின் படத்தை ஆபீஸில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். அவரோடு வேலை பார்க்கிற ஒரு திருநெல்வேலிக்காரர் குடும்பமும் கோழி வைத்திருந்தது. போன சனிக்கிழமை மச்சான் அங்கே போய் அவர்கள் கூண்டையும் தெர்மோகோலும் டேப்புமாக அடைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார் என்று அக்கா சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதுல ஓட்டை இல்லடி" என்றாள்.

"அப்ப சொல்லிரு அக்கா."

"நீ சொல்லேன்."

"புருசன் ஒனக்கா எனக்கா?"

அவள் சொல்லிவிட்டாள். மச்சான் வெளியே போய், முட்டிபோட்டுக் குனிந்து, கூரைக்குக் கீழே பார்த்தாராம். திரும்பி வந்து சாப்பிட்டாராம். இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. செய்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஏமாற்றியது உறுத்தியது. அவர் ஆசை ஆசையாகக் கட்டிய கூண்டு அது. அதைக் கோழிகளுக்காகத்தான் கட்டினார், எங்களுக்குக் காட்டுவதற்காக இல்லை.

மூன்றாம் நாள் அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன்.

"தலைக்கு மேல எம்புட்டு? ஒரு சாணா, ரெண்டா?"

"ஒண்ணு போதும் மச்சான்."

"ஒஞ் சாணா, எஞ் சாணா?"

"கோழிக்கு எட்டாம இருந்தாச் சரி."

அவர் அந்தத் திருநெல்வேலிக்காரர் வீட்டுக் கொல்லையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். கைப்பேசியை வேலி மேல் சாய்த்து வைத்துவிட்டு, தான் ஒட்டிய டேப்பைத் தானே உரித்துக் கூண்டுக்குள் தலையை நுழைத்தார். நுழைத்த வேகத்தில் வெளியே எடுத்தார். வாடையில் கண்ணில் நீர் வழிந்தது. ஒரு கையால் துடைத்துக்கொண்டார்.

"இதுக்குள்ளயா அதுகளை அடைச்சு வச்சேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. எறும்பு, சாவி, ஃபேன் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. "வலை இருக்கா மச்சான்? அறுக்குறதுக்கு முன்னாடி வலைய எடுத்து வச்சிக்கங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மெஷினைப் போட்டார். வெட்டு நேராக வரவில்லை, பாம்பு மாதிரி நெளிந்தது. காற்றுக்கு அது தெரியாது என்று சொன்னேன். அந்த வீட்டு அம்மா கொண்டுவந்து கொடுத்த காபி அவர் கையில் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக் கோழி அந்த நெளிந்த வெட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.